சம்பந்தி கொடுத்த பொதி

ஒக்கோத்தால் ஊரில் ஒருவன் வடக்கே விமானம் ஏறப்போகிறான் என்று தெரிந்துவிட்டால் அன்றிலிருந்து அவன் மனிதன் இல்லை, ஊர்ப் பொதிகழுதை. தன் துணிமணியைக் குறைத்துக்கொண்டு அடுத்தவர் பொட்டலங்களைச் சுமக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் சிகாகோவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இங்கிருந்து மிளகாய் போக வேண்டும், பாலாடைக்கட்டி போக வேண்டும், மூலிகை போக வேண்டும். மாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை.

தீமாஸும் சொல்லவில்லை. ஆனால் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். வந்த பொட்டலத்தையெல்லாம், கொண்டுவந்தவர் கண்ணெதிரே, அடுப்படி மேஜையில் வைத்துப் பிரித்தார்.

“என்ன இது?”

“மிளகாய் விழுது, என் மகளுக்கு,” என்றாள் பக்கத்து வீட்டு எல்வீரா.

“மிளகாய் மட்டுமா?”

“எள்ளு இருக்கு, பட்டை இருக்கு, சாக்லேட் இருக்கு. நீரு என்ன போலீஸ்காரரா?”

தீமாஸ் விரலை விட்டு எடுத்து நக்கினார்.

“உப்பு பத்தாது.”

“உமக்கும் சேர்த்தா அரைச்சேன்? எந்தக் காட்டுல கிடந்த விரலோ, விழுதுக்குள்ள விடுறாரு! ஒதிலியா, இதைக் கேக்க மாட்டியா நீ?”

அடுப்புக் கல்லில் சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஒதிலியா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். “என் பெட்டியையே கல்யாணத்தன்னைக்குப் பிரிச்சுப் பார்த்த மனுசன்டி அவரு.”

“அங்க ஒரு ஆபீசர் நின்னு கேப்பான்,” என்றார் தீமாஸ். “உள்ள என்னன்னு நான்தான் சொல்லணும். எல்வீரா வந்து சொல்வாளா?”

பன்றிக்கறித் தொத்திறைச்சி கொண்டுவந்தவனைத் திருப்பி அனுப்பினார். பாலாடைக்கட்டியைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து பார்த்துவிட்டு மறுபடி துணியில் கட்டினார். ஊர் வைதது. வைதால் வையட்டும். மனிதரை நம்பிக் கெட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். தான் எடுக்கும் பைன் மரத்துப் பிசினை வாங்க வருகிறவனின் தராசை நம்பாமல் வீட்டில் தனித் தராசு வாங்கி வைத்தார். கொஞ்ச நாளில் அதையும் நம்பவில்லை.

இந்தப் பயணத்தையே அவர் நம்பியிருக்கவில்லை. மகன் எஃப்ரேன் வடக்கே போய்ப் பதினெட்டு வருஷம். அனுமதிக் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டிப் போனவன். ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. வேலையும் வீடும் பிள்ளையும் அங்கே. பிள்ளை யாரெலிக்கு இப்போது பதினைந்து நிறைகிறது. கோயிலில் பூசை வைத்து, அவளுக்குப் பெரிய பாவாடை கட்டி, சனத்தைக் கூட்டிச் சாப்பாடு போடும் நாள். தீமாசுக்கும் ஒதிலியாவுக்கும் விசா கேட்டுப் போட்டார்கள். இரண்டு பேருக்கும் கிடைத்தது. பிறகு ஒதிலியாவின் நெஞ்சைச் சோதித்த டாக்டர், இந்த மூச்சோடு விமானத்தில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். வேறு டாக்டரிடம் கூட்டிப் போனார் தீமாஸ். அவரும் அதையே சொன்னார்.

ஆக, தீமாஸ் தனியாகப் போக வேண்டும். பக்கத்து மாநிலத்துக்குக்கூடப் போகாத ஆள். சிகாகோவில் இறங்கியதும் அங்குள்ள அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிட்டால் அதோடு முடிந்தது. மகன் விமான நிலைய வாசலுக்கு வெளியேதான் நிற்க முடியும். உள்ளே வந்து பேச அவனால் ஆகாது. இன்னொரு தடவை கேட்க இவருக்கும் வயசில்லை.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த ஒதிலியா மேஜை மேல் ஒரு பொதியை வைத்தாள். மாவுச் சாக்குத் துணியால் சுற்றி, கோணி ஊசியால் நெருக்கமாகத் தைத்திருந்தது. உருண்டை வடிவம். பெரிசு. ஆனால் கனமே இல்லை.

“யாருது?”

“லௌரோவுது.”

தீமாஸ் கையை எடுத்துக்கொண்டார்.

“கொண்டு போயி அவன் வாசல்ல வச்சிட்டு வா.”

“நான் வைக்க மாட்டேன். கோயில் வாசல்ல நாலு பேரு பார்க்கக் கொடுத்தாரு, வாங்கிட்டேன். வேணாம்னா நீரே போயி, 'சம்பந்தி, உம்ம பொதி எனக்கு வேணாம்'னு சொல்லிட்டு வாரும்.”

“அவன்கூட நான் பேசுறதில்லைன்னு உனக்குத் தெரியாது?”

“அப்பச் சொமந்துட்டுப் போம்.”

“யாருக்காம்?”

“சொல்லலை. உம்ம கையில குடுத்தாப் போதும்னாரு.”

“மகளுக்கா இருக்கும்.”

“இருக்கும். பிரிச்சுப் பாருமேன். ஊருப் பொட்டலத்தையெல்லாம் மோந்து பார்த்தீரே.”

தீமாஸ் கத்தியை எடுத்தார். தையலின் மேல் வைத்தார். பிறகு மேஜையில் வைத்துவிட்டார். “பிரிச்சேன்னு வையி, 'நான் கொடுத்ததை மோப்பம் பிடிச்சான்'னு மலை பூராச் சொல்லுவான். அந்தப் பேச்சு எனக்கு வேணாம்.”

விஷயம் இதுதான். எஃப்ரேனும் லௌரோவின் மகள் மரிசேலாவும் ஒரு ராத்திரி ஓடிப்போனார்கள். ஓடிப்போவது அந்த மலையில் புதுசில்லை. கல்யாணத்தில் பாதி அப்படித்தான் நடக்கிறது. அதற்கொரு முறை இருக்கிறது. விடிந்ததும் பையனின் அப்பன் ஒரு கூடை நிறைய ரொட்டியும், காய்ச்சிக் குடிக்கிற சாக்லேட் வில்லைகளும், ஒரு போத்தல் சாராயமும் எடுத்துக்கொண்டு பெண்ணின் அப்பன் வீட்டுக்குப் போக வேண்டும். முற்றத்தில் முட்டி போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த ஆள் சாயங்காலம்வரை காக்க வைப்பான், கண்டபடி வைவான். கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் கூடையை வாங்கி ரொட்டியைச் சொந்தக்காரர்களுக்குப் பங்கு வைத்தால், இரண்டு வீடும் சம்பந்தி வீடு.

தீமாஸ் போகவில்லை. அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. ஓடின இரண்டும் பக்கத்து ஊரில் ஒளியாமல் நேரே எல்லையைத் தாண்டிவிட்டன. முட்டி போடும்போது பக்கத்தில் நிற்கப் பையனும் இல்லை, பெண்ணும் இல்லை. “வரட்டும், வந்தபிறகு கேட்போம்” என்றார். அவர்கள் வரவில்லை. லௌரோ முற்றத்தைக் கூட்டி, சொந்தக்காரர்களை வரச்சொல்லி, மூன்று நாள் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அதற்குப் பிறகு பேச்சு நின்றது. இருவரும் ஒரே மலையில் பிசின் எடுக்கிறவர்கள். இவர் மரம் முடிகிற இடத்தில் அவர் மரம் தொடங்கும். எதிரெதிரே வாளியோடு போவார்கள், மழையைப் பார்ப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டு. லௌரோ இளவயதில் ஒருமுறை எல்லையில் பிடிபட்டவர். அவருக்கு விசா கேட்கவே வழியில்லை.

புறப்படும் நாளுக்கு முந்தின நாளும் தீமாஸ் மலைக்குப் போனார். கூலி ஆளிடம் விட்டால் மரத்தை ஆழமாகச் செதுக்கிச் சாகடித்துவிடுவான் என்று அவருக்குப் பயம். பட்டை சீவிய இடத்தில் புதிதாக ஒரு வெட்டு வைத்து, கீழே தொங்கும் கிண்ணத்தில் சேர்ந்த பிசினைச் சுரண்டி வாளியில் போட்டு, அடுத்த மரம். தூறல் விழுந்துகொண்டே இருந்தது. பிசின் ஒரு தடவை கையில் ஏறினால் சோப்புக்கு அசையாது. விரல் ரேகைக்குள் இறங்கிக் கறுத்து இறுகிவிடும்.

“இந்தக் கையோடவா பேத்தியைத் தொடப்போறீரு?” ஒதிலியா பன்றிக்கொழுப்பைத் தடவிச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

“போதும், தோலு உரியுது.”

“உரியட்டும். அடியில மனுசத்தோலு இருக்கான்னு பார்ப்போம்.”

காலையில் அவரை விமான நிலையத்துக்குக் கொண்டுவிட ஊர் டிரைவர் நாபோரின் வண்டி வந்தது. ஒதிலியா ஒரு துணி முடிச்சைச் சட்டைப்பையில் திணித்தாள். “வழியில தின்னும். அங்க விக்கிறதை வாங்காதீரு.”

“வாங்க மாட்டேன். எதைப் போட்டுச் செஞ்சானோ.”

“சேர்ந்ததும் ஃபோன் போடும்.”

“சேர்ந்தா போடுறேன்.”

“வாயில நல்ல வார்த்தை வராதே உமக்கு,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். வண்டி திரும்பும்வரை அவள் வாசலில் நிற்கவில்லை. அடுப்புப் புகை மட்டும் தெரிந்தது.

மொரேலியா விமான நிலையத்தில் இடுப்பு வார், தொப்பி, செருப்பு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். தொப்பி கருவிக்குள் போய் வெளியே வரும்வரை கண்ணெடுக்கவில்லை. பெட்டியைக் கேட்டார்கள், கொடுத்தார். பொதியைக் கருவிக்குள் விட்டு எடுத்தார், கையை விட்டுக் கொடுக்கவில்லை.

மழையில் நனைந்துகொண்டு படியேறினார்கள். விமானத்தின் வாசலில் தீமாஸ் நின்றுவிட்டார்.

“ஓட்டுறது யாரும்மா?”

“உள்ளே இருக்காங்க. நீங்க போயி உட்காருங்க, பெரியவரே,” என்றாள் பணிப்பெண்.

“முகத்தைப் பார்க்கணும். ஓட்டுறவன் முகத்தைப் பார்க்காம நான் பஸ்ஸுலகூட ஏறினதில்ல.”

பின்னால் இருந்து குரல் வந்தது. “ஏறுங்க பெரியவரே, மழையில நிக்கிறோம்!” “பொண்ணு பார்க்க வந்திருக்காராம்ல!”

சத்தம் கேட்டு முன்னறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை.

“நான்தான் ஓட்டுறேன். என்ன ஐயா வேணும்?”

தீமாஸ் அவள் கண்ணைப் பார்த்தார். “ராத்திரி தூங்கினியா?”

“தூங்கினேன்.”

“குடிச்சியா?”

“காபி.”

“சரி. ஓட்டு.”

பக்கத்து இருக்கையில் புருவாந்திரோ ஊர்க்காரி ஒருத்தி, செல்சா என்று பேர். வருஷா வருஷம் மகள் வீட்டுக்குப் போய் வருகிறவள். சால்வைக்குள் எதையோ பத்திரமாக அணைத்திருந்தாள்.

“மடியில என்னண்ணே? மேல வைங்களேன்.”

“இங்கயே இருக்கட்டும்.”

“கூடை மாதிரி இருக்கு. உள்ள என்ன?”

“தெரியாது.”

“தெரியாதா! தெரியாததையா கொண்டு போறீங்க?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “கேட்டா வாயைத் திறக்காதீங்க. எதுக்கும் இல்லைன்னு சொல்லணும். சாப்பாடு இல்ல, விதை இல்ல, இறைச்சி இல்ல. நான் எத்தனை தடவை போயிருக்கேன், ஒரு தடவை பிடிச்சிருக்காங்களா?”

“சால்வைக்குள்ள என்ன?”

“ஒண்ணும் இல்ல.”

“பாலாடைக்கட்டி. இங்க வரைக்கும் வாடை வருது.”

செல்சா சால்வையை இழுத்து மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம்தான். பேசாமல் அவளால் இருக்க முடியவில்லை.

“யாரு குடுத்தது?”

“சம்பந்தி.”

“அவருகிட்டக் கேட்டிருக்கலாமே.”

“பேச்சு இல்ல.”

“பேச்சில்லாதவரு பொதியை மடியில வச்சிட்டுப் போறீங்களா? அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உள்ள கண்ட மருந்து கிண்டு இருந்தா நீங்கதான் செயிலுக்குப் போவீங்க. அந்த ஆளு ஊருல உட்கார்ந்து சிரிப்பாரு.”

இது தீமாசுக்குத் தோன்றாத விஷயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே தோன்றிக்கொண்டிருந்தது. பொதியை மெல்ல ஆட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. மோந்து பார்த்தார். சாக்குத் துணி வாடை, கொஞ்சம் பிசின் வாடை. லௌரோ கை பட்ட வாடை. அது தன் கை வாடையேதான்.

விமானம் ஏறும்போது கண்ணாடி வழியே மலை தெரிந்தது. பைன் காட்டைச் சுற்றி அவகாடோத் தோப்புகள் நெருங்கி வந்திருந்தன. இவ்வளவு நெருங்கியிருக்கும் என்று கீழே இருந்தபோது தெரியவில்லை. எது தன் மரம், எது லௌரோ மரம் என்று தேடினார். மேலிருந்து எல்லாம் ஒரே காடுதான். பிறகு மேகம்.

ஒதிலியாவின் முடிச்சைப் பிரித்து, பயறு வைத்த ரொட்டிகளைத் தின்றார். ஒன்றை மிச்சம் வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விமானம் தரையைத் தொட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. இறங்கியாகவில்லையே இன்னும்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு விரல்களைக் கருவியில் வைக்கச் சொன்னான். வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னான். சிவப்பு. ஈரத்தாள் கொடுத்தான். தேய்த்தார். தாள்தான் கிழிந்தது. விசாவுக்கு விரல் பதித்த மாதம் தீமாஸ் கால் ஒடிந்து வீட்டில் கிடந்தார். அப்போது கை சுத்தமாக இருந்தது. இப்போது விரலில் ரேகையே இல்லை, மலைதான் இருந்தது.

இன்னொருவன் வந்து, அவர் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவரை ஒரு அறைக்குக் கூட்டிப் போனான். செல்சா தூரத்தில் சால்வையை இறுக்கிக்கொண்டு, அவரைத் தெரியாதவள் மாதிரி நடந்து போனாள்.

அறையில் ஒரு பெண் அதிகாரி. மார்பில் சல்காதோ என்று பேர். தீமாஸின் மொழியிலேயே பேசினாள், அம்மாவிடம் கேட்டுப் பழகிய பேச்சு. சில வார்த்தைகள் அவள் வாயில் வழுக்கின.

“கையில என்ன ஐயா, சாயமா?”

“பிசின். மரத்துப் பிசின்.”

“எதுக்கு வந்திருக்கீங்க?”

“பேத்திக்குப் பதினஞ்சு.”

“இந்தச் சாமானெல்லாம் யாரு கட்டினது?”

“ஊரு கட்டுச்சு. நான் பிரிச்சுப் பார்த்துட்டுத் திருப்பிக் கட்டினேன்.” தீமாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மிளகாய் விழுது, எள்ளு போட்டது, உப்பு கம்மி. பாலாடைக்கட்டி மூணு, நடுவுல பிளந்து பார்த்தாச்சு. காஞ்ச பூ, இருமலுக்கு. இறைச்சி கிடையாது. ஒருத்தன் கொண்டாந்தான், திருப்பி அனுப்பிட்டேன்.”

அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். சொன்னபடியே இருந்தது. அவள் முகம் கொஞ்சம் இளகியது.

“சட்டைப்பையில?”

தீமாஸ் ரொட்டியை எடுத்துக் கொடுத்தார். “பயறு.”

அவள் பிய்த்துப் பார்த்தாள். பயறுக்கு நடுவே பொரித்த பன்றித்தோல் இருந்தது. தின்ற ரொட்டிகளில் அது இல்லை, இது ஒன்றில்தான். அவருக்குப் பிடிக்கும் என்று வைத்திருக்கிறாள்.

“இறைச்சி கிடையாதுன்னீங்க.”

“என் பொண்டாட்டி முடிச்சை மட்டும் நான் பிரிச்சுப் பார்க்கலை,” என்றார் தீமாஸ்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ரொட்டியைத் தொட்டியில் போட்டாள். “இது?” என்று பொதியைத் தொட்டாள்.

தீமாஸ் பொதியின் தையலைப் பார்த்தார்.

“உள்ள என்ன இருக்கு, ஐயா?”

“தெரியாது.”

அந்த வார்த்தையை அவர் அவ்வளவு சுலபமாகச் சொல்கிற ஆள் இல்லை.

“யாரு கொடுத்தது?”

“சம்பந்தி. பதினெட்டு வருஷமாப் பேச்சு இல்ல.”

“ஊர்க்காரங்க எல்லாருது பொட்டலத்தையும் பிரிச்சீங்க. பேச்சில்லாதவரு பொதியை மட்டும் பிரிக்கலை?”

“பிரிச்சா அவன்கிட்ட நான் தோத்த மாதிரி.”

“இதுல தப்பா ஏதாவது இருந்தா உங்களை அடுத்த விமானத்துல ஏத்திருவோம். புரியுதா?”

“புரியுது.”

“மகன் வெளிய நிக்கிறாரா?”

“நிப்பான்.”

அவள் கையுறை மாட்டிக்கொண்டாள். சின்னக் கத்தியால் தையலை அறுத்தாள். லௌரோ ஊசிக்கு ஊசி இடைவெளி விடாமல் தைத்திருந்தார். அறுத்து முடியவே நேரம் பிடித்தது. தீமாஸ் கையை முட்டி மேல் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். கஞ்சாவாக இருந்தால், லௌரோ ஜெயித்தார். அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பி ஒதிலியாவிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்துவிட்டார்.

துணி விலகியது. உள்ளே ஒரு கூடை. புதுப் பிரம்பில் பின்னியது, அகல வாய். அதன் மேல் பூவேலை செய்த வெள்ளைத் துணி ஒன்று மூடியிருந்தது. அவள் துணியை எடுத்தாள். ஒன்றும் இல்லை. துணியை உதறினாள். கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். அடிப்பின்னலை விரலால் அழுத்திப் பார்த்தாள். கருவிக்குள் அனுப்பி எடுத்தாள்.

“வெறும் கூடை,” என்றாள். “இதையா இப்படித் தைச்சாரு? இங்க கூடை கிடைக்காதா என்ன? மகளுக்கு எதுக்கு இது?”

தீமாஸ் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்தது.

“மகளுக்கு இல்ல,” என்றார். “எனக்கு.”

“உங்களுக்கா?”

“பொண்ணு ஓடிப்போனா, பையனோட அப்பன் இந்தக் கூடையில ரொட்டி வச்சு எடுத்துட்டுப் போயி மன்னிப்புக் கேக்கணும். நான் போகலை. கூடை என் வீட்டுல இருந்து போகணும். அதுதான் முறை. பொண்ணைக் குடுத்தவன் கூடை அனுப்புறது எங்கயும் கிடையாது.” நிறுத்தினார். “பார்த்துப் பார்த்து அலுத்துப் போயிட்டான் போல. உன்கிட்டக் கூடை இல்லைன்னா இந்தா, பிடின்னு அனுப்பியிருக்கான்.”

“அவரு வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் எவ்வளவு தூரம்?”

“கோழி கூவினாக் கேக்கும்.”

“அவ்வளவு பக்கத்துல இருக்கிறவரு இதை இவ்வளவு தூரம் சுத்தியா அனுப்பணும்?”

“நேரா வந்திருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேனே.”

அவள் சிரித்துவிட்டாள். தன் கைப்பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்து அவர் விரல்களில் தடவி, தாளால் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். ஒதிலியா தடவிய பன்றிக்கொழுப்பு இளக்கி வைத்திருந்த பிசின் இதில் கழன்றது. கருவி இரண்டு தடவை சிவந்து, மூன்றாம் தடவை பச்சை காட்டியது.

“போங்க ஐயா. அந்த ரொட்டி போச்சேன்னு நினைக்காதீங்க.”

“நினைப்பேன். அதுலதான் பன்றித்தோலு இருந்துச்சு.”

கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு, பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கதவுக்கு அப்பால் கூட்டம். நரைத்த மீசையோடு தொந்தி விழுந்த ஒரு ஆளைத் தாண்டிப் போனார்.

“அப்பா.”

திரும்பினார். போனபோது ஒல்லிப் பயல். எஃப்ரேன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினான். தீமாஸ் ஒரு கையால் அவன் முதுகைத் தட்டினார். மறு கையில் கூடையை நசுங்காமல் எட்டப் பிடித்திருந்தார். யாரெலி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு கூச்சத்தோடு நின்றாள். அவளுக்கு லௌரோவின் மூக்கு.

மரிசேலா கூடையைப் பார்த்துவிட்டாள். அவள் கை வாய்க்குப் போனது.

“மாமா, இந்தக் கூடை... இது எங்க இருந்து?”

“உங்கப்பன் கொடுத்தான்.”

“எங்கப்பாவா? நீங்கதானே அவருக்கு...”

“தெரியும். நான்தான். அழாத.” மகனிடம் திரும்பினார். “இங்க ரொட்டிக்கடை எங்கடா இருக்கு? நம்ம ஊரு ரொட்டி. சர்க்கரை தூவினது.”

“வீட்டுப் பக்கத்துலயே இருக்குப்பா. பசிக்குதா?”

“எனக்கு இல்ல. திரும்பிப் போகும்போது இது நிறைய வேணும்.”

எஃப்ரேன் கண்ணைத் துடைத்தான். “நான் வர முடியாதேப்பா. கூட நிக்கக்கூட முடியாது.”

“நீ வர வேண்டாம். முட்டி போட வேண்டியது நான்தானே. அன்னைக்கும் நான்தான்.”

மரிசேலா கூடையை வாங்கி அந்தத் துணியைத் தடவினாள். “ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள ரொட்டி காஞ்சு கல்லாயிரும் மாமா. எங்கப்பாவுக்குப் பல்லும் இல்லையாம்.”

“காயட்டும்,” என்றார் தீமாஸ். “சாக்லேட்டும் சேர்த்துத்தானே கொண்டு போறேன். முக்கித் தின்பான்.”